பாதுகாப்புக்கே பாதுகாப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டைப் பற்றி நாக்கூசாமல் பேசுகிறவர்கள் பெருத்துவிட்டார்கள். அங்கே தொழிலாளியின் உயிருக்கு மதிப்பில்லையாம்; தொற்று வந்தாலும் வெள்ளம் வந்தாலும் ஏனென்று கேட்க நாதியில்லையாம். 1964-ல் தொடங்கி இன்று பட்டறை மேல் பட்டறையாக நிறைந்து, நாட்டின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளில் ஒன்றாக நிற்கிற இடத்தைப் பற்றி இப்படிப் பேச எப்படித்தான் மனம் வருகிறதோ! பாடியில் இறங்கி மண்ணூர்பேட்டை வழியாக உள்ளே நடந்து பழகியவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்கிறேன். பாதுகாப்பு விஷயத்தில் நம் பக்கத்து நிர்வாகங்களைக் குறை சொன்னால் அந்த வாய் அழுகிப்போகும்.

வெளியாட்களுக்கு இந்த நுட்பம் சட்டென்று பிடிபடாது. மற்ற ஊர்களில் பாதுகாப்புச் சாதனங்கள் தொழிலாளியைப் பாதுகாக்கின்றன. நம் ஊரில் நிர்வாகம் அதற்கும் ஒரு படி மேலே போய், அந்தச் சாதனங்களையே பாதுகாக்கிறது. யாரிடமிருந்து? தொழிலாளியிடமிருந்துதான். அவன் கையில் கொடுத்தால் அழுக்காக்கிவிடுவான், தேய்த்துவிடுவான், ஏன், பயன்படுத்தியே விடுவான்.

ஒரு ஷீட் மெட்டல் பட்டறை. பெயர் வேண்டாம், தன்னடக்கம் மிகுந்தவர்கள். ‘பாதுகாப்பே முதலில்’ என்ற பலகை கேட்டிலேயே இருக்கிறது. வேலை நடக்கிற இடத்தில் மாட்டினால் எண்ணெய் தெறித்துப் பாழாகிவிடும் அல்லவா? முதலுதவிப் பெட்டி எச்.ஆர். அறையில், கண்ணாடி அலமாரிக்குள், தூசு படாமல் இருக்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு இந்தப் பெட்டியைப் பற்றி விலாவாரியாகப் பேசியது. 150 பேருக்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்கக் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். விதியில் சொன்ன பொருள்களைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக் கூடாது. முதலுதவிப் பயிற்சி பெற்ற பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். வேறெதுவும் இருக்கக் கூடாது என்ற விதியை இந்தப் பட்டறை இம்மியும் மீறவில்லை. உள்ளே ஒரு பஞ்சுச் சுருளும் காலாவதியான ஒரு களிம்பும்தான். பொறுப்பாளரோ, சாவியை யாரிடமும் விட்டுவைக்காத அளவுக்குப் பொறுப்பானவர்; சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இரவு ஷிஃப்டில் கையைக் கிழித்துக்கொண்டவனுக்கு, மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் இருக்கவே இருக்கிறது.

பவர் பிரஸ்ஸையும் பார்த்தேன். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும் என்று செய்தவன் வைத்திருக்கிறான். கை உள்ளே மாட்டக் கூடாது என்று அவனுக்கு ஒரு பயம். நம் சூப்பர்வைசர் ஒரு பொத்தானில் டேப்பைச் சுற்றி, அது நிரந்தரமாக அழுந்தியே இருக்கும்படி செய்திருக்கிறார். ஒரு கையாவது ஓய்வாக இருக்கட்டுமே என்ற இரக்கம்தான். ஓய்வாக இருந்த கை டைக்குள் போய்விட்டால் அது அந்தக் கையின் ஒழுங்கீனம்.

தீயணைப்பு சிலிண்டருக்கு வருகிறேன். கழுத்தில் தொங்குகிற சீட்டில் அடுத்த சோதனைத் தேதி எப்போதோ கடந்துபோயிருந்தது. ஆனால் உடம்பில் சந்தனமும் குங்குமமும் புத்தம் புதிது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் படைக்கிறார்கள். பின்னை இழுத்து யாரும் அதைத் துன்புறுத்தியதில்லை. ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குப் போய், மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு வைத்திருந்த வேல்களைப் பார்த்து மெச்சிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அதே தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தவைதானே? இரண்டாயிரம் வருஷமாக ஒரு வழக்கத்தை விடாமல் காப்பாற்றி வருகிற ஊரை வேறெங்கே பார்க்க முடியும்?

இப்படிப் பழகிய கைகள் என்பதால்தான் 2020-ல் கொரோனா வந்தபோது நம்மவர்கள் பதறவில்லை. அந்த ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் தொழிற்சாலைகளுக்கென்று ஒரு நடைமுறைப் பட்டியல் போட்டது. வாசலில் காய்ச்சல் பார்க்க வேண்டும். ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பாட்டு நேரத்தைப் பிரித்துப் பிரித்து விட வேண்டும். ஆட்களை ஏற்றிவரும் வண்டியில் 30 முதல் 40 சதவீதம் பேர்தான் இருக்கலாம். எச்சில் துப்பக் கூடாது. தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒவ்வொன்றும் எப்படி நிறைவேறியது என்பதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வாசலில் காய்ச்சல் பார்த்ததற்கு ரிஜிஸ்டரே அத்தாட்சி. இன்னொரு கம்பெனியின் 2020 ஜூன் மாத ரிஜிஸ்டரைப் புரட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதல் பெயருக்கு நேராக 97.4. அடுத்த பெயருக்கு 97.4. பக்கத்தின் அடிவரை 97.4. ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. தகரக் கூரையின் கீழே வெல்டிங் அடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியவனுக்கும் 97.4. அன்றைக்கு வேலைக்கே வராதவனுக்கும் 97.4. வீட்டில் படுத்திருந்தவன் நெற்றியைக்கூட நிர்வாகத்தின் கை தொட்டுப் பார்த்திருக்கிறது. காய்ச்சல் பார்க்கிற கன்னில் பேட்டரி தீர்ந்தே பத்து நாள் ஆயிற்று என்று செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். அதற்காக யாருக்காவது காய்ச்சல் ஏறியதா? இல்லையே!

ஷிஃப்ட் இடைவெளியை இன்னும் நேர்த்தியாகத் தீர்த்தார்கள். மூன்று ஷிஃப்ட் இருந்தால்தானே மூன்று முறை கூட்டம் கூடும்? எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கி இரண்டே ஷிஃப்ட் ஆக்கினார்கள். கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு ஓ.டி. உண்டா என்று கேட்டவர்களிடம், வேலை இருப்பதே பெரிய விஷயம் என்று நினைவூட்டினார்கள். வண்டி விதியிலும் பழுதில்லை. பட்டாபிராமிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் வருகிற காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி வண்டியே கிடையாது. ஆகவே அந்த வண்டியில் கூட்டம் 40 சதவீதத்தைத் தாண்டவே வழியில்லை. ஷேர் ஆட்டோவில் அவர்கள் எப்படி ஒட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது ஷேர் ஆட்டோவின் நிர்வாகப் பிரச்சினை. எச்சில் துப்பக் கூடாது என்ற விதிதான் அப்பழுக்கில்லாமல் நிறைவேறியது. துப்பினால் ஐந்நூறு ரூபாய் அபராதம், சம்பளத்தில் பிடித்தம். பட்டியலிலேயே கம்பெனிக்கு வரவு வைத்த விதி அது ஒன்றுதான். காப்பீடு கட்டாயம் என்ற வரி மட்டும் இவர்களுக்கு வந்த ஜெராக்ஸில் சரியாக விழவில்லை போலிருக்கிறது.

சம்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே 2020 மார்ச் 29 அன்று ஊரடங்குக் காலத்துக்குப் பிடித்தமில்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதே உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டிருந்தது. மே 18 முதல் அந்த உத்தரவு இல்லை என்றாயிற்று. உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று, சம்பளம் தராத நிறுவனங்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம், முதலாளியும் தொழிலாளியும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. நம் எஸ்டேட்டில் அதன்படியே பேசினார்கள். முதலாளி உட்கார்ந்திருந்தார், தொழிலாளி நின்றிருந்தான். ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

ஆவடிக்காரர்களைப் போல நம்மவர்கள் பகட்டுக்கு ஆசைப்படவும் இல்லை. ஆவடி ஓ.சி.எஃப். என்று ஒன்று உண்டு, ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற அரசுத் தொழிற்சாலை. 2020-ல் அவர்கள் சீருடைத் துணியை ஓரம் தள்ளிவிட்டு, மருத்துவப் பணியாளர்களுக்கு உடம்பு முழுக்க மூடுகிற கவச உடையும் முகக்கவசமும் தைக்கக் கிளம்பிவிட்டார்கள். பூந்தமல்லியில் பொதுச் சுகாதார நிறுவனத்தைத் தனிமைப்படுத்தும் இடமாக்கினார்கள். திருமழிசையில் கோயம்பேட்டு மார்க்கெட்டையே கொண்டுவந்து இறக்கினார்கள். சுற்றிலும் இத்தனை ஆர்ப்பாட்டம் நடந்தபோதும் நம் பட்டறைகள் அசைந்து கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு துணி மாஸ்க்கைக் கொடுத்து, அதை மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்து பத்திரமாக இருக்கிறது.

நோய் வந்து போய்ச் சேர்ந்தவர்களின் குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருந்தது. இ.எஸ்.ஐ. கழகம் 2021-ல் ஒரு நிவாரணத் திட்டம் அறிவித்தது. கொரோனாவில் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்கு, அவருடைய சராசரி நாள் கூலியில் 90 சதவீதம். மாதம் 1,800 ரூபாய்க்குக் குறையாது. நோய் தெரிவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே பதிவாகியிருக்க வேண்டும், முந்திய ஒரு வருஷத்தில் 70 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். நம் பக்கத்தில் பலரை அந்த அலைச்சலிலிருந்தே காப்பாற்றியிருக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடுகிற பட்டறைக்குள் அப்போதெல்லாம் தொழிற்சாலைகள் சட்டமும் இ.எஸ்.ஐ.யும் பத்தாவது ஆள் வந்த பிறகுதான் படியேறும். ஆகவே உள்ளே இருபத்தைந்து பேர் வேலை செய்தாலும் ரிஜிஸ்டரில் ஒன்பது பேர்தான். மிச்சப் பேரில் பாதி ஒரு காண்ட்ராக்டரின் ஆள், மறு பாதி அந்தக் காண்ட்ராக்டருடைய மச்சானின் ஆள். ரிஜிஸ்டரில் இல்லாதவனுக்குத் தொற்று வந்தால் அது அந்தக் கம்பெனியில் வந்த தொற்றே அல்ல. ஒருவரைக்கூட இழக்காத கம்பெனிகள் எஸ்டேட்டில் எத்தனையோ உண்டு. ரிஜிஸ்டரைப் பார்த்தால் தெரியும்.

அவசர காலத் திட்டமும் நம்மவர்களிடம் தயாராகவே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எஸ்டேட்டுக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தபோது பல பட்டறைகளில் மெஷின்கள் தண்ணீரில் மூழ்கின. ஒரு நிர்வாகம் அன்று காட்டிய வேகத்தைக் கேட்டு நெகிழ்ந்துபோனேன். மோட்டார்களைக் கழற்றி மேலே ஏற்றினார்கள். கம்ப்யூட்டர்களை மாடிக்குக் கொண்டுபோனார்கள். மூலப்பொருளுக்குத் தார்ப்பாய் போட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று இவ்வளவையும் தூக்கிக் கொடுத்தவர்கள் யாரென்றால், வெள்ளம் வந்தால் முதலில் வெளியேற்றப்பட வேண்டியவர்கள் என்று திட்டத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த அதே தொழிலாளர்கள். பின்பக்க அவசர வழியால் வெளியேறலாம் என்றால், அதன் குறுக்கே ஸ்கிராப் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. திருடன் வரக் கூடாது என்பதற்காகப் பூட்டும் போட்டிருந்தது. உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாதபடி வைத்தால் வெளியே இருப்பவன் எப்படி உள்ளே வருவான்? யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு சீராக நடக்கிற இடத்திலும் மனம் நோகச் செய்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கண்டிக்காமல் விட்டால் என் பாராட்டு முழுமையாகாது. கண்டனத்துக்குரியவர்கள் தொழிலாளர்கள்தான்.

2021 மே மாதத்தைப் பாருங்கள். இரண்டாம் அலை உச்சத்தில் தமிழ்நாடே பூட்டிக்கிடந்தது. கார் ஆலைகளுக்கு விலக்கு உண்டு. நாட்டுப் பொருளாதாரத்துக்காக ஓடிக்கொண்டிருந்த கன்வேயரின் பக்கத்தில் நிற்கிற பேறு எல்லோருக்கும் வாய்க்குமா? ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் தொழிலாளர்கள், சமூக இடைவெளி இல்லை, உயிருக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி உயர் நீதிமன்றம் வரை போய்விட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் ஆலையில் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு ஆலைகளும் சில நாள் மூட வேண்டியதாயிற்று. ஆலைக்குப் போய்ப் பார்த்து வழிமுறை வகுக்கும்படி, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரியை நீதிமன்றம் அனுப்பியது. அதிகாரிக்கு வெயிலில் வீண் அலைச்சல்.

அந்த டிசம்பரில் நடந்தது அதைவிட மோசம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிற பெண்களைப் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை ஒரே அறையில் தரையில் படுத்தோம் என்று அந்த ஆலையின் விடுதிகளில் இருந்த பெண்கள் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார்கள். ஊரெல்லாம் ஆறடி தள்ளி நில் என்று தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே ஒரு சாண் விட்டு, முப்பது பேரைச் சொந்த பந்தம்போல் சேர்த்துப் படுக்க வைத்த பாசத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பெண்களுக்குப் பக்குவம் போதவில்லை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் பேசாமல் படுத்திருக்கலாம். மற்றவர்கள் பேசாமல் ஷிஃப்டுக்குப் போயிருக்கலாம். இவர்கள் என்ன செய்தார்கள்? டிசம்பர் 17 இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் போய் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு புகார்ப் பெட்டியில் சீட்டெழுதிப் போடத் தெரியாதா? அந்த ஓர் இரவின் அவசரத்தால் எத்தனை பேருக்குச் சங்கடம்! உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விடுதிச் சமையலறைக்குள் நுழைந்து, அங்கே நிம்மதியாகக் குடியிருந்த எலிகளையும் சரியாகப் போகாத சாக்கடையையும் பார்த்து, அடுப்பையே மூடிவிட்டார்கள். அப்போது சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை டிசம்பர் 18 முதல் ஜனவரி 12 வரை நின்றுபோனது. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற ஆப்பிள் கம்பெனி, தங்குமிடமும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. வருஷா வருஷம் ஆடிட் செய்து, ரிப்போர்ட் போட்டு, கலர் கலராகப் படம் வரைந்தவர்கள் கண்ணுக்கு ஒருநாளும் தட்டுப்படாத எலி, நடு ரோட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆடிட்டர்களின் பிழைப்பில் மண் போடுகிற காரியமா, இல்லையா? மாஸ்க், கன், ரிஜிஸ்டர், பலகை என்று நிர்வாகங்கள் பாடுபட்டுச் சேர்த்த அத்தனை சாதனங்களும் செய்யாததை, சாப்பாடும் தூக்கமும் இல்லாத சில ஆயிரம் பெண்கள் தார் ரோட்டில் வெறுமனே உட்கார்ந்து செய்துவிட்டால், அலமாரியில் இருக்கிற சாதனங்களுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

நல்லவேளை, இப்படிப்பட்டவர்களைப் பொருட்படுத்தாமல் மேலே இருக்கிறவர்கள் தொலைநோக்கோடு செயல்பட்டிருக்கிறார்கள். 2020 செப்டம்பரில், முதல் அலை உச்சத்தில் நின்ற அதே மாதத்தில், பணியிடப் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் என்றே நாடாளுமன்றம் ஒரு சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. கொரோனா கற்றுக்கொடுத்த பாடம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மின்சாரம் உள்ள பட்டறையில் இனி பத்து பேர் போதாது, இருபது பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. மின்சாரம் இல்லையென்றால் நாற்பது. காண்ட்ராக்ட் ஆட்கள் இருபது பேரானதும் வந்து நின்ற சட்டம், இனி ஐம்பது பேர் சேரும் வரை எட்டிப் பார்க்காது.

இத்தனை வருஷம் ஒன்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டிருந்த எஸ்டேட் முதலாளிகள் இனித் தாராளமாகப் பத்தொன்பது வரை எண்ணலாம். பவர் பிரஸ்ஸுகள் தொழிலாளியிடமிருந்து எடுத்துக்கொண்ட விரல்களுக்குக் கணக்கில்லை. ஆனாலும் அரசாங்கம் ஈவிரக்கம் உள்ளது, முதலாளி எண்ணிக்கொள்வதற்குப் பத்து விரல் கூட்டிக் கொடுத்திருக்கிறது.